வரி முடியும் முன்னே

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே என் பெயர் பட்டாசு. அந்தப் பெயரை வைத்தவள், ரோலரின் இடது முனையில் பத்தொன்பது வருடம் என்னோடு நின்றவள். பழிக்குப் பழியாக அவளுக்கு நான் வைத்த பெயர் குச்சி. முதலில் ஒட்டடைக்குச்சி என்றுதான் வைத்தேன். அவசரத்துக்குக் கூப்பிட நீளமாக இருந்ததால் பாதியை வெட்டிவிட்டேன். ஆள் அவ்வளவு உயரம். மேல் தட்டில் எது இருந்தாலும் ஏணியைத் தேட மாட்டோம், அவளைத்தான் தேடுவோம்.

ரோலர் என்றதும் சாலை போடுகிற வண்டியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஆவியில் சூடாகிற பெரிய உருளை. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்பை ஈரத்தோடு இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் மொடமொடவென்று காய்ந்து வரும். கொடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், முனைக்கு ஒருத்தி. உதறி, விறைப்பாக இழுத்து, ஓரத்தை ஓடுகிற பட்டையின் மேல் வைத்து, இரண்டு பேரும் ஒரே நொடியில் கையை விட வேண்டும். ஒருத்தி முந்திக்கொண்டால் துணி கோணிக்கொண்டு ஓடும். விடாதவளின் கையையும் சேர்த்து இழுக்கும்.

ஒரே நொடி என்றால் சும்மாவா? "விடு, விடு" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால் தொண்டை என்னத்துக்கு ஆகும்? எங்களுக்குப் பாட்டு இருந்தது. ஜன்னல் ஓரத் தட்டில் ஒரு பழைய டேப் ரெக்கார்டர், அதில் ஒரே குழுவின் கேசட்டுகள். ஐந்து பேர் கொண்ட குழு. அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு என்றாலும் நாங்கள் 'நம்ம ஆளுங்க' என்றுதான் சொல்வோம், ஏதோ சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி. பாடுகிறவர் குரல் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி இருக்கும். அவருக்குக் கரகரப்பன் என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு வரிக்கு ஒரு விரிப்பு. வரி தொடங்கும்போது உதறுவோம், வரி முடியும்போது விடுவோம். எங்களுக்குள் பேச்சே தேவையில்லை. ஒரு தடவை மேலாளர் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் நாலு கையா, இல்ல ஒரே ஆளுக்கு நாலு கையா?" என்று கேட்டார்.

அந்த டேப் ரெக்கார்டர் பெட்டியும் சாகாவரம் வாங்கி வந்தது. வந்த புதிதிலேயே ஒரு தடவை நின்றுபோக, கொதிகலன் மெக்கானிக் உள்ளே எதையோ கழற்றி, கையில் கிடைத்த ரப்பர் பட்டையை மாட்டி ஓட வைத்தார். அதன் பிறகு நிற்கவே இல்லை. சில வருடம் முன் என் மகள் அதே பாட்டுகளைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். கேட்டுப் பார்த்தேன். ஜுரத்தில் கிடக்கிறவர்கள் பாடுகிற மாதிரி ஒரே இழுவை. போன் சரியில்லை என்று முடிவு கட்டி அதைத் திரும்பப் போட்டே பார்க்கவில்லை. நான் ஒன்றை முடிவு கட்டிவிட்டால் கட்டியதுதான்.

ஒன்பது மாதம் முன்பு, நம்ம ஆளுங்க கடைசியாக ஒரே ஒரு கச்சேரி செய்யப்போவதாக அறிவித்தார்கள். அதோடு சரி, இனி மேடை ஏற மாட்டார்களாம். குச்சி அதைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பாட்டு டப்பாவையே திறக்கவில்லை. "போறோம்டீ. தவழ்ந்தாவது போறோம்" என்றாள். டிக்கெட் விற்பனை ஒரு புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. என் மகள் வீட்டில் கணினியின் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தாள். எந்தப் பக்கம், எந்த வரிசை என்று அவள் கேட்டால் நான் போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் போன் கூடாது. கூடை காலியானால்தான் ஐந்து நிமிடம் ஒதுங்க முடியும்.

மணி பன்னிரண்டுக்கு ஆறு நிமிடம். கூடையில் இன்னும் பதினைந்து விரிப்பு. குடைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது எங்கள் இருவருக்கும் உயிர். மழையில் குடையை யாருக்கோ கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு கூடவே நடக்கிற ஒருத்தனின் பாட்டு. "நனைஞ்சா என்ன, நானும் வரேன்" என்று ஒவ்வொரு சரணமும் முடியும். இரண்டாவது வரி பாதிதான் ஓடியிருந்தது. நான் கையை விட்டுவிட்டேன்.

வரி முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அடுத்த விரிப்புக்குக் கை நீட்டினேன். குச்சி போட்ட சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. காப்புக் கம்பி இயந்திரத்தை நிறுத்தியது, ஆனால் அதற்குள் அவளுடைய இடது கையில் இரண்டு விரல் உருளைக்கு அடியில் போய் வந்துவிட்டது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். மேசை, காகிதம், பேனா. "எப்படி நடந்தது?" என்று கேட்டார்கள். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு போக்கிடமில்லை. "அவ பாட்டுல கவனமா இருந்தா, சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சுத்தப் பொய் என்றும் சொல்ல முடியாது பாருங்கள், அதுதான் அதில் இருக்கிற அயோக்கியத்தனம். அவள் பாட்டில்தான் கவனமாக இருந்தாள், இருக்க வேண்டியதும் அதுதான். பாட்டை விட்டவள் நான். அவர்கள் 'பணியாளரின் கவனக்குறைவு, காரணம் இசை' என்று எழுதிக்கொண்டார்கள். டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஆறு வாரம் கழித்துக் குச்சி வேலைக்குத் திரும்பினாள். ரோலர் பக்கம் விடவில்லை. அழுக்குத் துணி பிரிக்கிற அறையில் போட்டார்கள். வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வருவதைப் பிரித்து, கறைக்கு ஒரு கூடை, கிழிசலுக்கு ஒரு கூடை என்று போடுகிற வேலை. முகமூடி, கையுறை, நாற்றம். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் என்னோடு பேசவில்லை. எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போனாள். எல்லாம் தெரிந்துதான் என்னைக் காறித் துப்பாத குறையாக ஒதுக்குகிறாள் என்று நினைத்தேன். அதற்கு நான் லாயக்குத்தான்.

ஆனால் டிக்கெட் இருந்தது. அந்தப் பாழாய்ப்போன புதன்கிழமை, நான் போனை எடுக்காததால் என் மகள் தானாகவே ஒரு இடம் பார்த்து எடுத்திருந்தாள். ஒரே தாளில் இரண்டு இருக்கை. இருவரும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. கச்சேரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்தத் தாளின் நகலைத் துணி வண்டி தள்ளுகிற அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன். அவர் வாயில் எதுவும் தங்காது என்றாலும் கால் நல்ல வேகம்.

திரும்பி வந்து, "வரேன்னு சொல்லுங்கன்னாங்க" என்றார்.

"வேற?"

"வேற என்னன்னு நானும்தான் கேட்டேன். ஒரு மூட்டையத் தூக்கி என் வண்டில போட்டாங்க பாரு, வண்டியே ஒரு ஆட்டம் ஆடிடுச்சு."

பேருந்து காலை ஆறு மணிக்கு. நான் ஐந்தேகாலுக்கே போய் நின்றேன். குச்சி சரியாக ஆறுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது வந்தாள். நம்ம ஆளுங்க படம் போட்ட, பல தடவை துவைத்து வெளுத்துப்போன சட்டையைப் போட்டிருந்தாள். அதே சட்டையைத்தான் நானும் போட்டிருந்தேன். இரண்டையும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கினோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ஒரே மாதிரி உடுத்திக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தோம்.

ஐந்து மணி நேரம். பேச்சு மூச்சில்லை. ஜன்னலை நான் பார்த்தால் அவள் முன் இருக்கையின் முதுகைப் பார்த்தாள், நான் இந்தப் பக்கம் திரும்பினால் அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பழையபடி "ஏய் பட்டாசு" என்று என்னைக் கூப்பிட வேண்டும். அதுவும் உண்மையைச் சொல்லாமலே கிடைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

வழியில் வண்டி நின்றபோது அவித்த முட்டையை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். உடைத்தாள், உரிக்க வரவில்லை. இடது கையில் அந்த இரண்டு விரலும் மடங்காமல் குச்சி குச்சியாக நின்றன. உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி ஓட்டை எடுத்தாள்.

"நான் உரிச்சுத் தரட்டுமா?"

"வேணாம். என் கை. நான் பாத்துக்கறேன்."

முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. பட்டாசு நமுத்துப்போனதை அன்றைக்கு அந்தப் பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கலாம்.

மைதானத்தைச் சுற்றி மதியமே கூட்டம் வளைத்துக்கொண்டு நின்றது. கச்சேரி நாலு மணிக்கு. வரிசையில் எங்களுக்கு முன்னால் தொப்பி போட்ட ஒருவர், தொப்பி முழுக்க ஊசிச் சின்னங்கள். ஒவ்வொன்றும் ஒரு கச்சேரியாம். "இது எனக்கு இருபத்து மூணாவது. உங்களுக்கு?" என்று கேட்டார்.

"முதல்" என்றேன்.

"முதலா!" என்று எங்களை ஏற இறங்கப் பார்த்தார், ஏதோ டிக்கெட் இல்லாமல் வந்தவர்களைப் பார்க்கிற மாதிரி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பத்தொன்பது வருஷமா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கேட்டிருக்கோம். உங்க இருபத்து மூணை அதுல கரைச்சுக் குடிக்கலாம்" என்றேன். குச்சியின் உதடு லேசாக அசைந்தது. சிரித்தாளா, இல்லையா? நான் திரும்புவதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

நம்ம விதி, அந்தத் தொப்பிக்காரருக்கு எங்கள் பக்கத்து இருக்கை.

நாலு மணிக்கு ஐந்து பேரும் வந்தார்கள். கரகரப்பனுக்கு முடி கொட்டியிருந்தது. தாளக்காரருக்குத் தொந்தி. ஆனாலும் அவர்கள் வந்து நின்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த படம் மூச்சு விட்டால் எப்படி இருக்கும்? முதல் பாட்டைத் தொடங்கினார்கள். இருபதாயிரம் பேர் எழுந்து நின்று கூடவே பாடினார்கள். நானும் பாடினேன்.

இரண்டு வரி போனதும் ஏதோ உதைத்தது. நான் வரியை முடித்தபோது மற்றவர்கள் இன்னும் வரிக்குள்ளேயே இருந்தார்கள். சரி, அவசரப்படுகிறோம், நம் புத்தி அப்படி என்று அடுத்த வரிக்குக் காத்திருந்து பிடித்தேன். மறுபடியும் நான் முன்னால். வயதாகிவிட்டது, பாவம், மூச்சு வாங்குகிறது போல என்று நம்ம ஆளுங்களுக்காகப் பரிதாபப்பட்டேன். தொப்பிக்காரர் திரும்பி, "மேடம், கொஞ்சம் பொறுங்க. பாட்டு இன்னும் அங்க வரல" என்றார்.

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைத் தாண்டிக் குச்சியைப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாவது பாட்டு குடைப் பாட்டு. முதல் சரணம் முடிகிற இடம். "நனைஞ்சா என்ன" என்று கூட்டம் இழுத்துக்கொண்டிருந்தபோது, நான் "நானும் வரேன்" என்று முடித்துவிட்டேன். என் வலது பக்கத்தில் இன்னொரு குரலும் அதே நொடியில் "நானும் வரேன்" என்று முடித்தது. இருபதாயிரம் பேர் ஒரு பக்கம், நாங்கள் இருவர் ஒரு பக்கம். திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் மெல்ல மெல்ல விரிந்தது.

"ஏய் பட்டாசு!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பெட்டிடீ! நம்ம பெட்டி ஓட்டம் ஜாஸ்திடீ!"

எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரிப்பு பீறிட்டது பாருங்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் மாட்டின ரப்பர் பட்டை! பத்தொன்பது வருடமும் நாங்கள் நம்ம ஆளுங்களைத் துரத்திக்கொண்டுதான் கேட்டிருக்கிறோம். உலகத்துக்கே ஒரு வேகம், எங்கள் சலவைக்கூடத்துக்கு மட்டும் ஒரு வேகம். ஜுரத்தில் பாடியது போன் இல்லை, அதுதான் பாட்டு. குச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே தொப்பிக்காரரிடம் "நீங்க பின்னாடியே வாங்க, அவசரமில்ல" என்றாள். நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது. "ஏய் பட்டாசு" என்று என் காதால் கேட்டுவிட்டேன். எனக்கு அதற்கு மேல் வாழ்க்கையில் ஒன்றும் வேண்டாம் போல இருந்தது.

அடுத்தது ஒரு மெதுவான பாட்டு, வெறும் கிதார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். குச்சி என் பக்கம் சாய்ந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டீ. எட்டு மாசமா வாய் வரல. என்ன மன்னிச்சிடு."

"நானா? உன்னையா?"

"என்னாலதானே பெட்டியப் பூட்டி வச்சாங்க. உனக்கு அது இல்லாம வேலை ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? உன் மூஞ்சில முழிக்கவே வெக்கமா இருந்துது."

இவள் என்ன சொல்கிறாள்?

"அன்னைக்கு எந்த வரின்னே ஞாபகமில்லடீ, ஆனா நீ விட்டன்னா வரி முடிஞ்சிருக்கும், நான்தான் கைய எடுக்கல. எடுத்ததாத்தான் தோணுச்சு. ஆனா கை அங்கயே இருந்திருக்கு. எனக்கே தெரியாம கை மந்தமாயிருக்கு பாரு. மூணு டாக்டருங்ககிட்ட காட்டினேன். நரம்புக்கு ஊசி குத்திப் பாத்தாங்க. ஒண்ணுமில்லங்கறாங்க. ஒண்ணுமில்லன்னா ஏன் அப்படி ஆச்சு?" அவள் தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். "தங்கச்சிக்குக் குழந்தை பொறந்திருக்கில்ல, அஞ்சு மாசம். அவ என்கிட்ட நீட்டுவா. நான் உக்காந்துட்டுத்தான் வாங்குவேன். நின்னுட்டு வாங்க மாட்டேன். நழுவ விட்டுட்டேன்னா? என் கைய நான் எப்படி நம்பறது?"

மேடையில் கரகரப்பன் என்னவோ பாடிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. இவளுக்கு என் மேல் கோபமே இல்லை. கோபத்துக்கு ஒரு காரணம் இருப்பதே இவளுக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு போனது வெட்கத்தில். பேருந்தில் "என் கை, நான் பாத்துக்கறேன்" என்றது என்னைக் குத்த அல்ல. இந்த எட்டு மாதமும் இவள் தன் கையையே காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக.

சும்மா இருந்தால் போதும். "அட விடுடீ, பழைய கதை" என்று தோளில் தட்டினால் போதும். நாளை முதல் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்காருவாள், பட்டாசு என்பாள், எல்லாம் பழையபடி ஆகும். அவள் மட்டும் குழந்தையை உட்கார்ந்தே வாங்கிக்கொண்டிருப்பாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாட்டு முடிகிறவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நேரமும் எனக்கு அவள் வேண்டும், எனக்கு அவள் வேண்டும் என்றே மனசு அடித்துக்கொண்டது.

கைதட்டல் அடங்கியது. "குச்சி, உன் கை மேல தப்பில்ல" என்றேன். "நான்தான் முந்திட்டேன். வரி முடியறதுக்கு முன்னாடியே விட்டுட்டேன்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"டிக்கெட்டுக்காகப் போன் எடுக்கணும்னு அவசரம். கூடை காலியாகணும்னு விட்டுட்டேன். தெரிஞ்சேதான் விட்டேன். விசாரணைல சொல்லல. பயம். உன் மேல திருப்பி விட்டுட்டேன்."

அடுத்த பாட்டு தொடங்கிக் கூட்டம் மறுபடி எழுந்தது. நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம், சுற்றிலும் கால்கள். குச்சி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வேலை தெரிந்தவள் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எந்த வரில விட்ட?"

"குடைப் பாட்டு. ரெண்டாவது வரி. பாதியில."

அவள் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத விரிப்பின் முனையைப் பிடித்தாள். உதடு அசைந்தது. வாய்க்குள்ளேயே அந்த வரியைப் பாடினாள், எங்கள் பெட்டியின் வேகத்தில். பாதியில் நிறுத்தினாள். கை இன்னும் துணியைப் பிடித்தபடி இருந்தது. பிடித்துத்தானே இருக்க வேண்டும், வரி முடியவில்லையே. அதையே மூன்று தடவை செய்து பார்த்தாள்.

"அப்போ என் கை சரியாத்தான் இருந்துது."

"சரியாத்தான் இருந்துது."

"எட்டு மாசம்டீ" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் குரல் உடைந்தது. "பாவி. எட்டு மாசம்."

எழுந்தாள். தொப்பிக்காரர் முழங்காலை ஒதுக்கி வழி விட்டார். படியில் இறங்கிக் கீழே கம்பி அருகில் போய் நின்றுகொண்டாள். நான் பின்னால் போகவில்லை. போக எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கடைசிப் பாட்டாகக் குடைப் பாட்டையே இன்னொரு தடவை பாடினார்கள். கூட்டத்தில் அவள் தலை மட்டும் தனியாக உயர்ந்து தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் அவள் தலை ஆடியது, எல்லோருக்கும் முன்னால் வரி முடிந்து நின்றது. நானும் இங்கிருந்து அதே நேரத்தில் முடித்தேன். தொப்பிக்காரர் இந்தத் தடவை திருத்தவில்லை. தன் கைக்குட்டையை என்னிடம் கொடுத்தார்.

திரும்பி வரும் பேருந்தில் அவள் நடத்துநரிடம் கேட்டு முன் இருக்கைக்கு மாறிக்கொண்டாள். ஐந்து மணி நேரமும் நான் அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் முதல் காரியமாக மேலாளர் அறைக்குப் போனேன். நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"இத ஏம்மா இப்ப சொல்றீங்க? யாரும் கேக்கலையே."

"கேட்டப்போ சொல்லல சார். அதனாலதான்."

மறுபடியும் மேசை, காகிதம், பேனா. வேலையை விட்டு எடுக்கவில்லை, அது என் அதிர்ஷ்டம். குச்சியை ரோலருக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். என்னை அழுக்குத் துணி அறைக்கு அனுப்பினார்கள். அவள் முகமூடி மாட்டிவைத்த கொக்கியில் என் முகமூடியை மாட்டினேன். மாற்றலான நாளில் வாசலில் எதிரும் புதிருமாகப் பார்த்துக்கொண்டோம். அவள் ஒதுங்கி வழி விட்டாள். இந்தத் தடவை தலையைக் குனியவில்லை. பேசவும் இல்லை.

மூன்று வாரம் அப்படியே போனது. அந்த அறையின் நாற்றம் பழகிவிடும் என்கிறார்கள். பொய். மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் இதைத்தான் அவள் ஆறேழு மாதம் பிரித்தாள் என்று தோன்றும். சுவருக்கு அந்தப் பக்கம் ரோலர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

நேற்றுக் காலை, நான் இரண்டாவது மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது சுவருக்குள்ளிருந்து கரகரப்பன் பாடத் தொடங்கினார். சுவரே பாடுகிற மாதிரி அவ்வளவு சத்தம். எங்கள் வேகம். நான் துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

வண்டி அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். "உன் கூட்டாளி மேனேஜர்கிட்ட சண்டை போட்டுப் பெட்டிய வாங்கிட்டாங்க. மெக்கானிக் ஓட்டத்தச் சரி பண்றேன்னு வந்தாரு. தொட்டா கைய ஒடிச்சிடுவேன்னாங்களாம். நல்ல ஆளு அவரு, திரும்பிப் பாக்காம போயிட்டாரு."

"அதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஜன்னல் ஓரத்துல இருந்தத எடுத்து இந்தச் சுவர் ஓரமா வச்சு, மூஞ்சிய வேற இந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்காங்க. ரோலர்ல நிக்கிறவங்களுக்கு யாரோ பக்கத்து வீட்டுல பாடற மாதிரி இருக்கு. ஏம்மா இப்படின்னேன். அந்தப் பக்கம் பட்டாசு இருக்கா, அவளுக்குப் பாட்டு இல்லாம வேலை ஓடாதுன்னாங்க."

"பேர் சொன்னாளா? பட்டாசுன்னா சொன்னா?"

"ஆமா. அப்படியே என்னையும் நாலு திட்டு திட்டி அனுப்பினாங்க. நீ ஏம்மா அழற?"

"அழுக்குத் துணி நெடி. போய் வண்டியத் தள்ளுங்க."

அவர் போனார். இன்னும் அவள் என்னோடு பேசவில்லை. எப்போது பேசுவாள் என்று நான் கேட்கப்போவதும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடைப் பாட்டு வந்தது. இரண்டாவது வரி பாதி ஓடிக்கொண்டிருந்தது. என் கை அடுத்த விரிப்பின் மேல்தான் இருந்தது. வரி முடியும்வரை காத்திருந்து, பிறகு எடுத்தேன்.